அத்தையின் இடது கை

எங்கள் அத்தைக்கு இரண்டு கைகளும் நன்றாகவே இருந்தன. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வேப்பம்பட்டில் ஒரு குடும்பம் இன்றைக்கும் வேறு மாதிரி நம்பிக்கொண்டிருக்கக்கூடும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அயனம்பாக்கத்தில் ஏரிக்கரைக்குப் பின்னால் எங்கள் வீடு. அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை என்று நான்கே பேர். அத்தை அம்பத்தூர் எஸ்டேட்டில் டிரான்ஸ்பார்மருக்குச் செம்புக் கம்பி சுற்றும் ஒரு சின்னப் பட்டறையில் வேலை பார்த்தாள். பகலெல்லாம் அங்கே சுற்றியது போதாதென்று வீட்டுக்கு வந்தும் சுற்றினாள். பாட்டு கேட்க வால்வு ஆம்ப்ளிபயர் செய்யப்போகிறாளாம். போனில் யாரோ செய்துகாட்டியதைப் பார்த்து வந்த ஆசை.

அந்தச் சாமானில் ஒன்றுகூட எனக்கு விளங்கவில்லை. வால்வு என்று அவள் காட்டியவை கண்ணாடிக் குப்பிகளாக இருந்தன. குமணன்சாவடியில் பழைய ரேடியோக்களைப் பிரித்து விற்கும் கடையில் பொறுக்கி வந்தவை. ஏதோ விசேஷத்துக்கு வந்த சமையல்காரர்கள் எங்கள் வீட்டில் மறந்துவிட்டுப் போன அலுமினியத் தட்டைக் கவிழ்த்து, ஓட்டை போட்டு, அவற்றை அதில் நட்டுவைத்தாள். பட்டறையில் கழித்துப் போட்ட இரும்புத் தகடுகளை அடுக்கி டிரான்ஸ்பார்மர் கட்டியபோது, தகடுகளுக்கு நடுவே நாள்காட்டித் தாளைக் கிழித்து வைத்தாள். எதற்கு என்று கேட்டேன். கொஞ்சம் இடைவெளி விட வேண்டுமாம், இல்லாவிட்டால் இரும்புக்கு மூச்சு முட்டிப் பாட்டு கெட்டுப்போகுமாம். இரும்பு எப்போது மூச்சு விட ஆரம்பித்தது என்று நான் இரண்டு நாள் யோசித்தேன்.

ஆடி மாதத்தில் எங்கள் தெருக்கோவிலுக்கு ஸ்பீக்கர் கட்டுகிற அண்ணன் ஒருவர் இதைக் கேள்விப்பட்டுப் பார்க்க வந்தார். எத்தனை வாட்ஸ் என்று கேட்டார். இரண்டு என்றாள் அத்தை. இரண்டாயிரமா என்றார் அவர். இல்லை, வெறும் இரண்டு என்றாள். அவர், பெரிய நோயாளி இருக்கிற வீட்டில் விசாரித்துவிட்டுப் போவதுபோல அப்பாவின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

எல்லாவற்றுக்கும் மேலே அதன் கரண்டு இருந்தது. மற்ற சாமான்கள் பிளக்கைப் பிடுங்கினால் அடங்கிவிடும். இது பிடுங்கிய பிறகும் கடிக்குமாம். கண்டென்சருக்குள் கரண்டு போய் உட்கார்ந்துகொண்டு, தொட்டால் ஆளையே தூக்கிப் போடுமாம். அதனால் ஆன் செய்து மீட்டர் வைத்துப் பார்க்கிறபோதெல்லாம் அத்தை தன் இடது கையைப் பின்னால் கொண்டுபோய், இடுப்பில் இறுக்கிக் கட்டிய துப்பட்டாவுக்குள் செருகிக்கொள்வாள். வலது கை மட்டும்தான் வேலை செய்யும். அவளுடைய பட்டறையில் எல்லோருக்கும் அதுதான் வழக்கம்.

"ரெண்டு கையும் உள்ள வுட்டா, கரண்டு இந்தக் கைல பூந்து அந்தக் கைல போவும். நடுவுல நெஞ்சு கீதுல்ல?" என்பாள்.

நானும் வீட்டுப்பாடம் எழுதும்போது இடது கையைப் பின்னால் வைத்துக்கொண்டு எழுதிப் பார்த்தேன். நோட்டு நழுவியது. அம்மா தலையில் ஒரு குட்டு வைத்ததும் விட்டுவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் வேப்பம்பட்டு வரன் வந்தது. அதற்கு முன் வந்த இடங்களெல்லாம் ஏதோ ஒரு நொட்டை சொல்லித் தட்டிப்போயிருந்தன. எனவே அப்பா இதை எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்று இருந்தார். ஜாதகம் பொருந்தியது. மாப்பிள்ளை என் அப்பாவிடம் கேட்டுக்கொண்டு, அத்தையுடன் சில தடவை போனில்கூடப் பேசினார்; பெரும்பாலும் பழைய பாட்டுகளைப் பற்றித்தானாம். அதற்குப் பிறகு அத்தைக்கு என்ன ஆனதோ, ஆம்ப்ளிபயரை ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்தே ஆக வேண்டும் என்று நின்றாள். பெண் பார்க்க வருவதும் அதே ஞாயிற்றுக்கிழமை. பேசியல் செய்துகொள்ளச் சொன்னால் ஈயம் உருக்கிக்கொண்டிருக்கிறாளே என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

பெண் பார்க்க வருவதற்கு முன் பெண்ணுக்குத் தெரியாமல் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவது எங்கள் பக்கத்தில் உண்டு. சொல்லிவிட்டு வந்தால் எந்தப் பெண்ணும் லட்சணமாகத்தான் இருப்பாள் என்பது பெரியவர்களின் கணக்கு. வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு பெரிய பொட்டு வைத்த அம்மாள் எங்கள் ஜன்னலில் நின்று, யாருடைய வீட்டையோ விசாரித்து, குடிக்கத் தண்ணீர் கேட்டாள். அத்தை அப்போதுதான் ஆம்ப்ளிபயரை ஆன் செய்திருந்தாள். இடது கை துப்பட்டாவுக்குள். வலது கையாலேயே சொம்பை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டிவிட்டு, திரும்பி வந்து வேலையில் குனிந்தாள். அந்த அம்மாளைப்போல் ஒரு சொம்புத் தண்ணீரை அவ்வளவு மெதுவாகக் குடிக்கிறவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். அதில் அதே பெரிய பொட்டும் இருந்தது. மாப்பிள்ளையின் பெரியம்மாவாம். தெரிந்தவர் வந்திருக்கிறார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அவரோ என்னைத் தெரியாதவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

முதல் குழப்பம் காபியில் ஆரம்பித்தது. அம்மா தட்டில் காபி அடுக்கி அத்தையின் கையில் கொடுக்கப் போகும்போது, கூடத்திலிருந்து பெரியம்மா, காபியை நீங்களே எடுத்து வாருங்கள், பெண்ணுக்கு எதற்குச் சிரமம் என்று குரல் கொடுத்தார். இப்படியும் ஒரு சம்பந்தியா என்று அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தை வெறுங்கையோடு, புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்து நின்றாள். வணக்கம் சொல்லும்மா என்றார் அப்பா. அதெல்லாம் வேண்டாம், குழந்தையைக் கஷ்டப்படுத்தாதீர்கள் என்றார் பெரியம்மா. அப்பா கூப்பிய தன் கையை என்ன செய்வதென்று தெரியாமல் கீழே இறக்கினார்.

பஜ்ஜி தீரும்வரை பொறுத்திருந்துவிட்டு, பெரியம்மா விஷயத்துக்கு வந்தார்.

"தம்பி, நான் அன்னிக்கே பாத்துட்டேன். பொண்ணுக்கு எடது கை சரியில்ல. மூடி மூடி வச்சிக்கினு இருந்துச்சி. மறைக்காம சொல்லிடுங்க."

அப்பா சிரித்தார். பிறகுதான் யாரும் சிரிக்கவில்லை என்று பார்த்தார். எனக்கோ வகுப்பில் பதில் தெரிந்துவிட்ட துடிப்பு. நான் சொல்றேன் என்று எழுந்ததும் அம்மா என் வாயில் கேசரியைத் திணித்தாள். கையைக் காட்டும்மா, ஒரு நிமிஷத்து வேலை என்றார் அப்பா. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அத்தையின் புடவைத் தலைப்பைப் பார்த்தார்கள்.

அத்தை தலைப்புக்குள்ளேயே இடது கையை எடுத்தாள். எடுத்து, மெதுவாகப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். கரண்டு எதுவும் அங்கே இல்லை. ஆம்ப்ளிபயர் உள்ளறையில் இருந்தது. அவள் பெரியம்மாவைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

"கை சரியில்லன்னு வச்சிக்கலாம். நீங்க இன்னா சொல்றீங்க?"

மாப்பிள்ளை நல்லவராகத்தான் தெரிந்தார். முகமெல்லாம் வேர்த்து, எதையோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு பெரியம்மாவைப் பார்த்தார்.

"பெரியம்மா சொல்றதுதாங்க" என்றார்.

அவ்வளவுதான். கேசரியை நான் விழுங்கி முடிப்பதற்குள் அவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டார்கள். அப்பா வாசல்வரை போய் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். வேன் கிளம்பிய பிறகு உள்ளே வந்து அத்தையைத் திட்டித் தீர்த்தார். கையைக் காட்டினால் தேய்ந்தா போய்விடும், ஊரில் நொண்டிக்குக்கூடக் காலைக் காட்டத் தெரிகிறது, நல்ல கையை வைத்துக்கொண்டு இல்லை என்கிறவளை இன்றுதான் பார்க்கிறேன் என்றார். அத்தை உள்ளறைக்குள் போனாள். அப்பா மொட்டைமாடிக்குப் போய்விட்டார்.

எனக்கும் அப்பா சொன்னதே நியாயமாகப் பட்டது. உண்மையை மறைப்பவர்களைக் கதைகளில் படித்திருக்கிறேன். பொய்யை அப்படியே விட்டுவிட்டு உண்மையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைப்பவர்களை எந்தப் பாடத்திலும் படித்ததில்லை.

பொழுது சாயும் நேரத்தில் உள்ளறையிலிருந்து பாட்டு கேட்டது. ஆம்ப்ளிபயர் வேலை செய்தது. வால்வுகள் உள்ளே சிவந்திருந்தன. சத்தம் குறைவுதான், ஆனால் பாடுகிறவர் அந்த அறையிலேயே எங்கோ இருப்பது மாதிரி இருந்தது. எனக்குத் தெரியாத ஏதோ பழைய பாட்டு. ஸ்பீக்கர்களுக்கு எதிரே இரண்டு நாற்காலிகள் போட்டிருந்தன. ஒன்றில் அத்தை உட்கார்ந்திருந்தாள். அழுகிறாளா என்று பார்த்தேன். அழுதாள்தான்.

நான் ஓடிப்போய் அவர்களிடம் கை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வரட்டுமா, வேன் ஆவடியைக்கூடத் தாண்டியிருக்காது என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். பக்கத்து நாற்காலியில் உட்காரப் போனேன். அதற்கும் தலையாட்டினாள்.

"இது பெரியவங்க பாட்டுடி. கூட ஒக்காந்து கேக்க ஒரு ஆளு வேணும்னு போட்டு வச்சேன்" என்றாள்.

ஆள்தானே வேண்டும், இதற்கா அழுகை என்று எனக்கு நிம்மதியாகிவிட்டது. மாடிக்கு ஓடி, அத்தை உங்களுக்கு நாற்காலி போட்டு வைத்திருக்கிறாள், பாட்டு கேட்கக் கூப்பிடுகிறாள் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் இறங்கி வந்தார். பழைய பாட்டு என்றாலே எழுந்து போய்விடுகிற மனிதர், அந்த நாற்காலியில் உட்கார்ந்து பாட்டு முடியும்வரை அசையாமல் கேட்டார்.

"நல்லா கீதும்மா" என்றார்.

அத்தை சரி என்பதுபோலத் தலையாட்டினாள். அடுத்த பாட்டைப் போட்டாள். அப்பா அதற்கும் உட்கார்ந்திருந்தார். ஆள் சேர்த்துவிட்டேன், சண்டையும் தீர்ந்தது என்று நான் அம்மாவிடம் போய்ப் பெருமையாகச் சொல்லி, இன்னொரு கரண்டி கேசரி வாங்கித் தின்றேன்.