வெள்ளிக்கிழமை எலி

பாம்பு வளர்த்து விற்கும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தால் பாம்புப் பயம் ஒரு வாரத்தில் போய்விடும். படித்தவன் என்ற பேரைக் காப்பாற்றும் பயம் போகாது. பட்டத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கிடைத்த வேலையைச் செய்தவர்களுக்கு இது விளங்கும்.

அட்டை

எண்பதுகளின் நடுவில், பாரிஸ் லா சப்பலில் ஒரு நிலவறை. பிரெஞ்சு முதலாளி அங்கே போவா பாம்புகளை வளர்த்தார். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான்; படித்தது விலங்கியல் என்றதும் எடுத்துக்கொண்டார். வெள்ளி காலையில் குட்டிகளுக்குச் செத்த எலி கொடுத்து, பெட்டியில் தொங்கும் அட்டையில் திகதி எழுதவேண்டும். பிறகு இரண்டு நாள் தொடக்கூடாது. தொட்டால் விழுங்கியதைக் கக்கும். குட்டி செத்தும் போகலாம்.

"நீ படித்தவன். உன் அட்டையை நான் சரிபார்க்கப் போவதில்லை," என்றார்.

விரதம்

எனக்கு வெள்ளி விரதம், மச்சம் மாமிசம் தொடமாட்டேன். விலங்கியல் பட்டதாரி அதை எப்படிச் சொல்வது? வெட்கமாக இருந்தது. எலியைச் சனி மாலையில் கொடுத்தேன். அட்டையில் வெள்ளி என்று எழுதினேன். வாராவாரம் அப்படித்தான்.

அறையில் என்னோடு இருந்த மன்னார் அண்ணை வேதக்காரர், கத்தோலிக்கர். கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "நாங்களும் தவக்கால வெள்ளியிலை மச்சம் தின்னுறேல்லைத்தான். அதுக்காகப் பாம்பையும் பட்டினி போடுறதே, தம்பி?"

தெரிவு

ஒரு ஞாயிறு காலை புறநகர் ஓல்னேயிலிருந்து ரயில்வே ஊழியர் ஒருவர் வந்தார். முதல் பாம்பு வாங்குகிறார். குட்டிகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தார். மூச்சில் இரைச்சல் உண்டா, நாக்கை நீட்டுகிறதா, கையை இறுகப் பிடிக்கிறதா என்று பார்த்தார். ஒரு மணி நேரம் போனது. இரண்டு குட்டிகள் மிஞ்சின. கடைசியில் அட்டைகளை வாசித்தார். ஒன்று ஒரு வெள்ளிகூடத் தவறாமல் தின்றதாக எழுதியிருந்தது.

அது முந்தின நாள் மாலைதான் எலி தின்றது. சொல்ல வாயெடுத்தேன். முதலாளி பக்கத்தில் நின்றார். துணிப்பையின் வாயை நானே கட்டிக் கொடுத்தேன்.

அவர் என் கையைக் குலுக்கினார். "நான் பாம்பை நம்பி வாங்கவில்லை. உங்கள் எழுத்தை நம்பி வாங்குகிறேன்."

திங்கள்

மறுநாள் அதே பையோடு வந்தார். ரயிலிலேயே கக்கிவிட்டதாம். குட்டி துவண்டு கிடந்தது. "பிழை என்னுடையது. பையை அதிகம் ஆட்டிவிட்டேன் போலிருக்கிறது," என்று முதலாளியிடம் மன்னிப்புக் கேட்டார். முதலாளியும் தலையாட்டினார். வந்தவர் படியேறத் தொடங்கிவிட்டார். என்னால் அதற்குமேல் நிற்க முடியவில்லை. கூப்பிட்டு நிறுத்தி, குட்டி சனி மாலைதான் தின்றது என்று முதலாளிக்கு முன்னாலேயே சொன்னேன்.

ரயில்வேக்காரர் கோபப்படவில்லை. இறங்கி வந்து அட்டையை மேலிருந்து கீழாக மெதுவாக வாசித்தார். "அப்படியென்றால் மற்ற வெள்ளிகள்?"

குட்டி பிழைத்துக்கொண்டது, என் வேலையும் ஏனோ பிழைத்தது. அதன்பிறகு வெள்ளிதோறும் எலியைக் கொடுத்துவிட்டு வந்து தலைமுழுகினேன், அந்த அட்டைக்கு எத்தனை தரம் முழுகவேண்டும் என்பதுதான் எந்தப் படிப்பிலும் இல்லை.