முதல் பந்தியில் ஒரு நாற்காலி

என் கொழுந்தன் பொண்டாட்டியின் மேல் எனக்குப் பொறாமை. சுற்றி வளைப்பானேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் நகைமேல் இல்லை, சென்னையில் வாங்கியிருக்கும் வீட்டின்மேலும் இல்லை. மாதா கோயில் திருவிழாவன்று எங்கள் மாமியார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவள் உட்காருகிற நாற்காலியின்மேல்.

அந்த மேசை கொழும்பிலிருந்து தோணியில் வந்தது. இந்தக் குடும்பம் முத்து வியாபாரத்தில் ஓகோவென்று இருந்தபோது துரைமார் உட்கார்ந்து சாப்பிட்டார்களாம். இப்போது முத்தும் இல்லை, தோணியும் இல்லை. கீழ்வீட்டை ஒரு ஷிப்பிங் ஆபீசுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். பந்திச் சட்டதிட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. திருவிழாவன்று நீலக்கரை போட்ட பீங்கான் தட்டுகள் கண்ணாடி அலமாரியை விட்டு இறங்கும். முதல் பந்தியில் பங்குச் சாமியார், வீட்டு ஆம்பிளைகள், வெளியூரிலிருந்து வந்தவர்கள். பாறைமீன் தலை யார் தட்டில் விழுகிறதோ அவர்தான் அன்றைக்குப் பெரிய ஆள். மூத்த மருமகள் உட்காரக் கூடாது, நின்று எல்லாருக்கும் சோறு விளம்ப வேண்டும். மூத்த மருமகள் நான்.

"அது மரியாதைளா, எல்லாருக்கும் கெடைக்குமா?" என்பார் மாமி. நல்ல மரியாதை! நான் திரேஸ்புரத்துக்காரி, அப்பா வள்ளத்தில் கடலுக்குப் போனவர். அவளோ பங்களா வீட்டுப் பெண். எனக்குத் தெரியாதா என்ன? மீன் எடுப்பது நான், மசாலா அரைப்பது நான், தலை போவது அவள் தட்டுக்கு. தின்றுவிட்டுப் பேசாமல் இருந்தாலாவது பரவாயில்லை. "அக்கா, உப்பு கொஞ்சம் கம்மியோ?" என்பாள். உப்பு விளைகிற ஊரில் என்னிடமே உப்பா! பற்றிக்கொண்டு வரும்.

மேசைக்குப் பாயசம் போனதும் நானும் மாமியும் அடுப்புப் பக்கம் குசினித் தரையில் உட்காருவோம். குழம்புச் சட்டியில் ஒட்டியிருப்பதில் சோற்றைப் போட்டுப் பிரட்டி, மாமி உருட்டி என் கையில் வைப்பார். அதெல்லாம் ஒரு விருந்தா?

இந்த வருஷம் திருவிழாவுக்கு முந்தின நாள் வெடித்துவிட்டேன். "மாமி, நாளைக்கு நான் உக்காருதேன். அவ விளம்பட்டும்." என் வீட்டுக்காரருக்குக் காப்பி புரையேறிவிட்டது. மாமி என்னை ஒரு பார்வை பார்த்தார். "உக்காருளா" என்றார், அவ்வளவுதான்.

பட்டுச்சேலை கட்டி உட்கார்ந்தேன். அவள்தான் விளம்பினாள். பாறைத் தலை என் தட்டில் விழுந்தது. வாயெல்லாம் பல்லாக நிமிர்ந்து பார்த்தேன். அப்புறம்தான் விஷயம் உறைத்தது: அந்த மேசையில் கரண்டியாலும் முள்ளுக்கரண்டியாலும்தான் சாப்பிட வேண்டும். எலும்பை உறிஞ்சினால் மானம் போய்விடும். உறிஞ்சாமல் மீன் தலையை எந்த மடையன் தின்பான்? கரண்டியால் குத்திக்கொண்டே இருந்தேன். மீன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

பாயசம் வந்தது. சாமியார் பழைய கதை ஒன்றைத் தொடங்கினார். அவர் எழும்பாமல் யாரும் எழும்பக் கூடாது, அதுவும் சட்டம். அப்போது குசினியில் சட்டி சுரண்டுகிற சத்தம் கேட்டது. கூடவே மாமியின் சிரிப்பு.

கதவு இடுக்கில் பார்த்தேன். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"போங்க மாமி, வருஷாவருஷம் சட்டிச்சோறு அக்காவுக்கு மட்டும் குடுத்தீங்கள்ல? அங்கன மேசையில இருந்து பாத்துப் பாத்து எனக்கு வயிறு எரியும்" என்றாள் அவள்.

அடிப்பாவி!

"சரி, இந்தாளா" என்று மாமி ஒரு உருண்டை உருட்டினார். நான் எழும்பப் போனேன். "அப்புறம் என்ன நடந்துச்சு தெரியுமா?" என்று சாமியார் என் பக்கம் திரும்பினார். தலையாட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

இத்தனை வருஷமும் மாமி எனக்குக் கையில்தான் வைத்தார். அவளுக்கு வாயில் ஊட்டினார்.