அட்மிஷன் நோட்டீஸும் மரிசெல் மிஸ்ஸும்: தாம்பரத்திலிருந்து கோவளம் வரை

இந்த வருஷ நோட்டீஸ் கட்டு வந்துவிட்டது. ஏப்ரல் பிறந்தால் தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கு வருவது லீவு அல்ல, இதுதான். வீடு வீடாகப் போய் கேட்டைத் தட்டி, "உங்க வீட்ல ஸ்கூல் போற பசங்க இருக்காங்களா?" என்று சிரித்த முகமாகக் கேட்க வேண்டும். தாம்பரத்துக்குத் தெற்கே முதல்முறையாகக் கேன்வாசிங் போகிறோம், வழி சொல்லுங்கள் என்று இரண்டு டீச்சர்கள் கேட்டிருந்தார்கள். வழியை மட்டும் தனியாகச் சொல்ல எனக்கு வராது. போன மே மாதம் முதல் சனிக்கிழமை நானும் மரிசெல் மிஸ்ஸும் போய்வந்ததையும் சேர்த்துத்தான் சொல்ல வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தமிழ் டீச்சர், வீடு சேலையூரில். அப்போது வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் ஒரு பள்ளியில் வேலை, பெயர் வேண்டாம். மரிசெல் அங்கே ஆங்கிலம் எடுக்கப் பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவள். வயது முப்பத்திரண்டு. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் தனியாக இருந்தாள். ஊரில் அவள் அம்மா சந்தையில் கருவாடு விற்கிறார். எட்டு வயது மகள் பியா பாட்டியிடம் வளர்ந்துகொண்டிருந்தாள். இரண்டு வருஷ ஒப்பந்தம் முடிந்ததும் ஜூன் முதல் வாரம் ஊருக்குத் திரும்புவதாக மரிசெல் ஜனவரியிலேயே எழுதிக் கொடுத்துவிட்டாள்.

அப்படியிருந்தும் நோட்டீஸில் அவள் படம்தான். கறுப்புக் கோட்டு போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். மேலே கொட்டை எழுத்தில் "எங்கள் பள்ளியில் வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்", கீழே "சேர்க்கை நடைபெறுகிறது". தாளாளர் என்னிடம் இரண்டு விஷயம் சொன்னார். அவள் கிளம்புவதைப் பற்றி வெளியே மூச்சு விடக் கூடாது. அடுத்த வருஷம் இரண்டு தமிழ் டீச்சர் தேவைப்படாது, மே முடிவதற்குள் பத்துப் பிள்ளைகளைச் சேர்த்தால்தான் எனக்கு இடம். அன்று காலை என் கையில் எட்டு இருந்தது.

தாம்பரத்தில் காலை 6.50க்குச் செங்கல்பட்டு போகும் மின்சார ரயில். கூடுவாஞ்சேரிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும், இருபது நிமிஷம், ஆளுக்கு ஐந்து ரூபாய். மே மாதத்தில் இதற்குப் பிந்திய ரயிலில் போனால் முதல் தெரு முடிவதற்குள் நாக்கு வறண்டுவிடும். மரிசெல் அந்தக் கோட்டையே போட்டுக்கொண்டு வந்திருந்தாள். கோட்டு இல்லாவிட்டால் அவளைப் பார்த்தால் ஃபாரின் என்று தெரியாது என்பது தாளாளரின் கவலை. அவர் கவலையில் நியாயம் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். வெளிநாட்டு டீச்சர் என்றால் நம் ஜனங்கள் எதிர்பார்ப்பது வேறு நிறம்.

ஸ்டேஷனிலிருந்து லேஅவுட்டுகளுக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். புதிதாக வீடு கட்டிக் குடிவந்தவர்கள்தான் பள்ளி மாற்றுவார்கள், அதனால் பெயின்ட் வாசனை அடிக்கும் தெருக்களில் ஆரம்பியுங்கள். கேட்டைத் திறக்கும் முன் நாய் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது வீட்டு அம்மா மரிசெல்லை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மணிப்பூராம்மா? எங்க பார்லர்ல ஒரு பொண்ணு அச்சு அசல் உங்கள மாதிரியே இருப்பா" என்றார். மரிசெல் சிரித்தாள். இரண்டு வருஷமாக அவளுக்குப் பழகிய கேள்வி அது. எனக்குத்தான் சங்கடமாக இருந்தது.

ஏழாவது வீட்டில் வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்தார். மகன் ஆறாம் வகுப்புக்குப் போகிறான். நோட்டீஸை இரண்டு தரம் படித்துவிட்டு என்னைக் கேட்டார். "நெக்ஸ்ட் இயரும் இந்த மேடம்தானே இங்கிலீஷ் எடுப்பாங்க?"

"ஆமா சார், இவங்கதான்" என்றேன். தயங்காமல் சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். மரிசெல்லுக்குத் தமிழ் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளி வளாகத்தில் தமிழ் வகுப்பைத் தவிர எங்கேயும் தமிழ் பேசக் கூடாது என்று விதி. இரண்டு வருஷத்தில் அவள் என்னிடம் பேசிய ஒரே தமிழ் வார்த்தை 'அக்கா' மட்டும்தான். அவள் குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். ஒன்பது.

9.40க்குக் கிளம்பி ஜிஎஸ்டி சாலையில் பஸ் பிடித்து வண்டலூர், இருபது நிமிஷம். அங்கே மாறி கேளம்பாக்கம், பத்தொன்பது கிலோமீட்டர், ஐம்பது நிமிஷம். முன்பக்கம் பிங்க் பெயின்ட் அடித்த பஸ்ஸாகப் பார்த்து ஏறுங்கள், பெண்களுக்கு டிக்கெட் இல்லை. மரிசெல் எப்போதும் போல் காசை நீட்டினாள். கண்டக்டர் வாங்கவில்லை. "எந்த நாடும்மா?" என்று கேட்டுவிட்டு இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். "பொம்பளைங்களுக்குன்னுதான் போட்டிருக்கு. எந்த ஊர் பொம்பளைன்னு போடலையே." அவள் சிரித்துக்கொண்டே அந்தத் துண்டுச் சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். அப்போதும் அவள் எதையோ புரிந்துகொண்டுதான் சிரிக்கிறாள் என்று எனக்கு உறைக்கவில்லை.

கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் ஆறு கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "மேடம் நேபாளா?" என்றார். பிலிப்பைன்ஸ் என்றேன்.

"அது எங்க கீது?"

"கிழக்கால. கடலுக்கு அந்தப் பக்கம்."

"அப்போ கோவளத்துல போட் எடுத்தா நேரா போய்க்கினே இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியை ஓட்டினார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது 11.45. மீன் விற்பனை முடியும் நேரம். ஸ்டெல்லா அக்கா கடைசிக் கூறு மீனோடு குடைக்கடியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய மகள் அனிதா அங்கேயே உள்ளூர்ப் பள்ளியில் நான்காம் வகுப்பு முடித்தவள். பக்கத்து வீட்டுப் பையன் எங்கள் பள்ளி வேனில் போகிறான், அவன் சொல்லி ஸ்டெல்லா அக்காவே எனக்கு ஃபோன் செய்திருந்தார். பிறப்புச் சான்றிதழ் ஜெராக்ஸும் இரண்டு போட்டோவும் பிளாஸ்டிக் கவரில் தயாராக வைத்திருந்தார். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. எனக்கு உள்ளுக்குள் குளுகுளு என்று இருந்தது.

மரிசெல் கேட்காமலேயே குந்தி உட்கார்ந்து ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள்.

"இன்னா மிஸ்ஸு, மீன் தெரிஞ்ச கையா கீது" என்றார் ஸ்டெல்லா அக்கா. பிறகு, செதில் ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டே, என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்துக் கேட்டார். "என் பொண்ணுக்கு நீதானம்மா சொல்லிக் குடுப்பே? வர்ற வருசமும் இங்கதான கீறே?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மரிசெல் கோட்டைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இல்ல அக்கா. ஜூன் மாசம் நான் ஊருக்குப் போறேன். எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா. திரும்பி வர மாட்டேன்."

நிதானமான, சுத்தமான தமிழ். ஸ்டெல்லா அக்கா கவரை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அப்போ அனிதா இங்கியே படிக்கட்டும். இங்கத்த டீச்சரும் நல்லவங்கதான். ஃபாரின் டீச்சருன்னாங்களேன்னு ஆசப்பட்டேன்." அவர் குரலில் கோபம் இல்லை. "நீ போறவரிக்கும் சனிக்கெழம சனிக்கெழம வந்து என் பொண்ணாண்ட ரெண்டு வார்த்த இங்கிலீசு பேசிட்டுப் போவியா?"

"வரேன் அக்கா."

பஸ் நிறுத்தத்தில் நான் முகம் கொடுத்தே பேசவில்லை. கோபம் தலைக்கு ஏறியிருந்தது. வேலை போனால் அவளுக்கு ஊர் இருக்கிறது, எனக்குச் சேலையூர்தான் இருக்கிறது என்றெல்லாம் மனசுக்குள் ஓடியது. கடைசியில் கேட்டேன். "தமிழ் எப்போ கத்துக்கிட்டே?"

"ரெண்டு வருஷமா உங்க பக்கத்து கிளாஸ் ரூம்ல இருந்தேன் அக்கா. நடுவுல ஒரு பிளைவுட் தட்டிதான். நீங்க சத்தமா நடத்துவீங்க."

"அப்போ காலையில நான் அந்த சார் கிட்ட சொன்னது?"

"புரிஞ்சுது."

"அங்க ஏன் வாயைத் திறக்கல?"

"அங்க அவர் உங்களைக் கேட்டார். இங்க அந்த அக்கா என்னைக் கேட்டாங்க." என்றாள். "எங்க அம்மா மாதிரி, மீன் கையோட கேட்டாங்க. எனக்குப் பொய் வரல. உங்க வேலை போயிடுமா அக்கா?" அவள் கண் கலங்கியிருந்தது. எனக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஒரு தட்டிக்கு அந்தப் பக்கம் இரண்டு வருஷமாக எனக்கு ஒரு மாணவி இருந்திருக்கிறாள், நான் ஒருநாள்கூட எட்டிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கூடுவாஞ்சேரிக்காரருக்கு ஃபோன் போட்டு உண்மையைச் சொன்னேன். "காலையிலயே சொல்லியிருக்கலாமே மிஸ்" என்றார். சரியான கேள்விதான். திங்கட்கிழமை விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மறுபடி எட்டு. மே முடியும்போதும் எட்டுதான்.

பாக்கி இருந்த சனிக்கிழமைகளில் இரண்டு பேரும் கோவளம் போனோம். எனக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது, இருந்தாலும் போனேன். தாம்பரத்திலிருந்து போக வர மூன்றரை மணி நேரம், செலவு ஆட்டோவுக்கு மட்டும் ஆளுக்கு நாற்பது ரூபாய். படகு நிழலில் உட்கார்ந்து மரிசெல்லும் அனிதாவும் பேசுவார்கள். பாதி நேரம் ஃபோனில் பியாவும் இருப்பாள். அனிதா ஒரு மீனைத் தூக்கிக் காட்டுவாள், அங்கே பியா அதற்கு அவர்கள் பாஷையில் ஒரு பெயர் சொல்வாள், நடுவில் மரிசெல் ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுப்பாள். நான் நுங்கு உரித்துத் தின்றுகொண்டு வேடிக்கை பார்த்தேன். என் வாழ்க்கையில் நல்ல கோடை விடுமுறை என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

கடைசிச் சனிக்கிழமை ஸ்டெல்லா அக்கா மரிசெல்லின் அம்மாவுக்கென்று ஒரு கிலோ நெத்திலிக் கருவாடு கொடுத்தார். கருவாடு விற்கிறவருக்கே கருவாடா என்று நான் கேட்டதற்கு, "எங்க கடல் ருசி எப்படின்னு பாக்கட்டும்" என்றார். வாடை வெளியே வராமல் இருக்க மூன்று பிளாஸ்டிக் கவர் போட்டு, மேலே சுற்றக் காகிதம் தேடினோம். என் பையில் மிச்ச நோட்டீஸ்கள் இருந்தன. ஒரு முப்பது போயிருக்கும். (விமானத்தில் கருவாடு கொண்டுபோகிறவர்கள் அந்த ஊரில் அனுமதி உண்டா என்று முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். மரிசெல் விசாரித்திருந்தாள்.)

ஜூன் முதல் புதன்கிழமை தாம்பரத்திலிருந்து திரிசூலம் வரை ரயிலில் அவளோடு போனேன். பதினைந்து நிமிஷம், ஐந்து ரூபாய். விமான நிலைய வாசலில் கட்டிப்பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் அழுதோம். அடுத்த வாரம் தாளாளர் என்னைக் கூப்பிட்டு நன்றி சொல்லி அனுப்பிவிட்டார். இரண்டு மாதம் வீட்டில் இருந்தேன், அது கஷ்டமான இரண்டு மாதம். இப்போது பெருங்களத்தூர் பக்கம் ஒரு சின்னப் பள்ளி. இங்கே மைதானத்திலும் தமிழ் பேசலாம்.

இனி நீங்கள் கேட்ட விஷயம். காலை ஏழிலிருந்து பத்து, மாலை ஐந்திலிருந்து ஏழு, இதைத் தவிர வேறு நேரத்தில் போகாதீர்கள். குடையும் தண்ணீரும் கட்டாயம். கூடுவாஞ்சேரியையும் கோவளத்தையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ள வேண்டாம், நாங்கள் செய்தது முட்டாள்தனம். நாளைக்கு உங்கள் பள்ளியில் எது இருக்காதோ அதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் குறையும். எனக்குக் குறைந்தது.

ஊர் போய்ச் சேர்ந்த மறுநாள் மரிசெல் பேசினாள். கருவாடு பத்திரமாக வந்துவிட்டது, அம்மாவுக்கு ருசி பிடித்துவிட்டது, கொஞ்சம் பொறாமையும்தான் என்றாள். பியா பொட்டலத்தைப் பிரிக்கும்போது மேலிருந்த நோட்டீஸ் ஒன்றை நீவி எடுத்துக் கட்டிலுக்கு மேலே ஒட்டிக்கொண்டாளாம். நாற்றம் தாங்கவில்லை, நானே வந்துவிட்டேன், படம் எதற்கு என்று மரிசெல் சொன்னால் கேட்கவில்லையாம்.

"கீழே இருக்கிற தமிழ் எழுத்தைக் காட்டி, இது என்னம்மான்னு கேட்டா அக்கா. 'இடம் இருக்கு, வந்து சேர்ந்துக்கோ'ன்னு போட்டிருக்குன்னு சொன்னேன். உடனே வந்து என் மடியில ஏறி உட்கார்ந்துட்டா. எழுந்திருக்கவே இல்ல."

அந்த ஒன்றையும் சேர்த்தால், போன வருஷம் என் கணக்கில் ஒன்பது.