சதுரமாக இருந்து பாடிய சங்கீதங்கள்

எண்பதுகளின் நடுவில் டென்மார்க்கில், ஹேர்னிங்கில் தையல் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தேன். சனிக்கிழமையாவது காலை நீட்டிப் படுக்கலாம் என்றால் பக்கத்து மெஷின் டேனிஷ்காரி விடமாட்டாள். உனக்குத்தான் ஆங்கிலம் வாசிக்க வருமே என்று தேவாலய மண்டபத்துக்கு இழுத்துக்கொண்டு போவாள்.

அங்கே ஓர் அமெரிக்கப் பெண் தன் நாட்டுப் பழைய பாட்டுகளைச் சொல்லிக்கொடுத்தாள். ஆங்கிலச் செய்யுளாக மாற்றிய, பைபிளிலுள்ள தாவீதின் சங்கீதங்களுக்கு இருநூறு வருடத்துக்கு முன் அந்த நாட்டார் நாலு குரலில் போட்ட மெட்டுகள். நாலு குரல்காரரும் சதுரமாக, ஒருவரையொருவர் பார்த்தபடி இருக்க வேண்டும். கேட்பதற்கென்று தனியாக ஆள் கிடையாது. ஒரு குரல் தொடங்க மற்றவை ஒவ்வொன்றாகத் துரத்திப் பிடிக்கும். அந்த ஓட்டத்துக்கு எனக்கு மூச்சுக் காணாது. ஆனாலும் போனேன், வீட்டில் இருந்தால் தபால்காரனையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

தம்பியை மன்னாரில் ஆமி பிடித்துக்கொண்டு போய் ஒன்பது மாதமாகியிருந்தது. இருக்கிறானா இல்லையா என்று சொல்ல ஒருவருமில்லை. "அவன் வருவான், நீர் யோசியாதையும்" என்று என் கணவர் தினமும் சொல்வார். எனக்கு அதைக் கேட்டே அலுத்துவிட்டது.

வகுப்பின் கடைசிச் சனிக்கிழமை, அந்தப் பாட்டுக்காரரின் வழக்கப்படி இரண்டு தாள்கள் சுற்றி வந்தன. ஒன்றில் அந்த வருடம் இறந்தவர்களின் பெயர்களை எழுத வேண்டும். மற்றதில் நோயாலோ வேறெதாலோ வர முடியாதவர்களின் பெயர்கள். ஒவ்வொரு தாளையும் வாசித்துவிட்டு அதற்கொரு சங்கீதம் பாடுவார்கள்.

முதலில் வந்தது இறந்தவர்களின் தாள். செத்துவிட்டான் என்று எழுதினால் அழலாம், அழுதால் நித்திரையாவது வரும் என்று நினைத்தேன். தம்பியின் பெயரை எழுதி அடுத்தவளிடம் கொடுத்துவிட்டேன்.

இரண்டாவது தாள் வந்தது. அதிலும் அவன் பெயரை எழுதினேன். முதல் தாளைத் திருப்பிக் கேட்க வாய் வரவில்லை.

தாள்களை வாசித்த அமெரிக்கப் பெண் இரண்டு தரமும் அந்தப் பெயரில் ஒரே மாதிரித் தடுக்கினாள். ஒருவரும் கவனிக்கவில்லை. இறந்தவர்களுக்கான பாட்டில் என் குரல் என்றைக்கும் இல்லாதபடி திறந்து வந்தது. மற்றப் பாட்டில் வாயை மட்டும் அசைத்தேன். என்னைப்போல ஒரு அக்கா இருப்பாளா என்று வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

கணவர் காரோடு வந்து வாசலில் நின்றார். அன்றைக்குப் பெயர் வாசிப்பு என்று அவருக்குச் சொல்லியிருந்தேன், இரண்டு தாள்களைப் பற்றியும்தான்.

"தம்பிக்கும் பாடினீரோ?"

"ஓம், பாடினனாங்கள்."

எந்தத் தாளில் என்று கேட்க அவருக்குத் தோன்றவே இல்லை.