நனைந்த பறவைப் புத்தகம்

அருப்புக்கோட்டையில் நான் நூலகராக இருந்தபோது எங்கள் கிளையில் ஒரு பழைய பறவைப் புத்தகம் இருந்தது. வீட்டை விற்றுவிட்டு ஊரைக் காலி செய்த ஒரு குடும்பம் கொடுத்துவிட்டுப் போனது. படங்களுக்கெல்லாம் கையாலேயே வண்ணம் தீட்டியிருந்தார்கள். பீரோவில் பூட்டி வைத்திருந்தேன். கேட்டால் எடுத்துக் காட்டுவேன். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

எங்கள் பக்கம் மழை அபூர்வம். பெய்த அன்று பீரோவுக்கு நேர் மேலே கூரை ஒழுகியது. காலையில் திறந்தால் புத்தகம் ஊறிப்போய்க் கிடந்தது. பழைய நூல்களைப் பாதுகாக்கும் சென்னை அலுவலகம் ஒன்றுக்குப் போன் செய்தேன்.

"வெயில்ல காய வைக்காதீங்க மேடம். பக்கத்துக்குப் பக்கம் துணியோ தாளோ வச்சு ஃபேனைப் போடுங்க. ஒட்டியிருந்தா பிரிக்காதீங்க" என்றார் அங்கிருந்த அதிகாரி.

தினமும் பேப்பர் படிக்க வரும் தறிக்காரர் ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "கஞ்சி போடாத துணி வீட்டுல கிடக்கு. எடுத்துட்டு வாரேன்" என்று போனார்.

இருவருமாகத் துணியை நுழைப்பதும், ஈரமானதை மாற்றுவதுமாக இருந்தோம். கவுதாரிப் படம் வந்ததும் அவர் நிறுத்தினார்.

"இது கறி நல்லா இருக்கும்னு எங்கய்யா சொல்லுவாரு."

அந்தக் கவுதாரியின் சாயம் மட்டும் எதிர்ப்பக்கத்தில் கொஞ்சம் இறங்கியிருந்தது.

நூலகத்தில் இருந்தது ஒரே ஃபேன். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் விசிறிக்கொண்டே கேட்டார்: "பறவைக்குக் காத்து, எங்களுக்குப் புழுக்கமாம்மா?"

"காஞ்சதும் உங்களுக்குத் திருப்பிடுறேன் சார்" என்றேன்.

புத்தகம் பிழைத்துக்கொண்டது. பிறகு அந்த அதிகாரியே நேரில் வந்தார். நன்றாக உலர்த்தியிருப்பதாகச் சொன்னார். நன்றாக இருப்பதால் இனி இங்கே வைக்கக் கூடாது, சென்னைக்குக் கொண்டுபோகிறேன் என்றும் சொன்னார். துணியில் சுற்றி நானே அவரிடம் கொடுத்தேன்.

அடுத்த வருடம் சென்னையில் ஒரு கல்யாணத்துக்குப் போனவள் அந்த அலுவலகத்துக்குப் புத்தகத்தைப் பார்க்கப் போனேன். ஏசி அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள், ஒரு ஆந்தைப் படத்தில் திறந்து வைத்திருந்தார்கள். காவலுக்கு நின்ற பெண்ணிடம், "இதை உலர்த்தினது நான்தான்" என்றேன்.

"கண்ணாடியில கை வைக்காதீங்கம்மா" என்றார்.

"ஒரு பக்கம் திருப்பிக் காட்ட முடியுமா?"

"அதிகாரிதான் திருப்புவாங்க. எப்பன்னு தெரியாது."

கையைக் கட்டிக்கொண்டு ஆந்தையைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். ஊருக்கு வந்ததும் தறிக்காரர் கேட்டார்: "எப்படி இருக்கு?"

"சௌக்கியமா இருக்கு. குளுகுளுன்னு வச்சிருக்காக."

"யாராச்சும் பாக்குறாகளா?"

"நான் நின்ன வரைக்கும் நான்தான்."

"அப்ப இங்க இருந்த மாதிரிதான்" என்றவர் பேப்பரில் நடுப்பக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.