குதிரைக்குப் பதிலாக முதலை

தீவில் எங்கள் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்த கப்பல் இன்ஜினியர் மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போனபோது வீட்டுச் சாமான்களை விற்றார். ஒரு இரும்பு பீரோவைப் பேசி வாங்கி வரும்படி என் கணவரை அனுப்பினேன். அவர் செஸ் பலகை ஒன்றோடு வந்து நின்றார். அதைத் தூக்கவே இரண்டு பேர் வேண்டியிருந்தது.

ஒரு பக்கத்துக் காய்கள் சிவப்புப் படாக் மரம், எதிர்ப்பக்கம் கருப்பு வரி ஓடிய மார்பிள் மரம். ராஜா நிற்க வேண்டிய இடத்தில் கலங்கரை விளக்கம். யானைகள் துதிக்கையில் மரத்தடி தூக்கியிருந்தன. குதிரைக்குப் பதிலாக வாயைப் பிளந்த முதலை. சிப்பாய்கள் எல்லாம் உரிக்காத தேங்காய். இன்ஜினியர் தன் ஆசைக்குச் சொல்லிச் செய்யவைத்தது, இன்னொன்று கிடையாது. பீரோ வராத கோபம் எனக்கு வெகுநாள் நிற்கவில்லை. அந்த முதலைகளின் முகம் அப்படி.

நான் ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலிசெய்து பத்துபஸ்திப் பக்கம் ஒரு வாடகை வீட்டுக்கு வந்த பிறகுதான் சிக்கல். பலகையை வைத்தால் கட்டில் போட இடமில்லை. விற்றுவிடலாம் என்று முடிவு செய்தோம்.

கடைவீதியில் சுற்றுலாக்காரர்களுக்குப் பொம்மை விற்பவர் வந்து பார்த்தார். விமானத்தில் போகிறவர்கள் இவ்வளவு பாரத்தை வாங்க மாட்டார்கள், முதலைகளை மட்டும் தனியாகக் கொடுத்தால் எடுத்துக்கொள்கிறேன் என்றார். முதலை இல்லாமல் எப்படி ஆடுவது என்று கேட்டேன். "ஆடறதுக்கு யாரு வாங்கறா மேடம், ஷோகேஸ்ல வெக்கத்தானே?" என்றார். அவருக்கு டீ கொடுத்து அனுப்பிவைத்தோம்.

பிறகு போனில் படம் போட்டோம். ஒருவர் குதிரைகள் தொலைந்துவிட்டனவா என்று விசாரித்தார். சென்னையிலிருந்து ஒருவர் உடனே அனுப்பச் சொன்னார். படாக் மரத்தைத் தீவுக்கு வெளியே அனுப்ப வனத்துறையின் அனுமதி வேண்டும் என்றதும் அவர் பேச்சு நின்றுபோனது. கடைசியில் வடக்கே ரங்கத் என்ற ஊரில் விடுதி கட்டிக்கொண்டிருந்த ஒருவர் ஒரு விலை சொல்லி, கொண்டுவந்தால் பார்க்கிறேன் என்றார். அங்கே ஒரு கல்யாணத்துக்கு எப்படியும் போக வேண்டியிருந்தது. வாடகை ஜீப்பின் பின்சீட்டில் பலகையை ஏற்றி, மடியில் காய்ப்பெட்டியோடு நான் உட்கார்ந்தேன்.

வண்டியோடு படகில் கடல் தாண்டிப் பாராடாங் தீவில் இறங்கியதும் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். மழையில் முன்னால் சாலையில் மரம் விழுந்திருந்தது. படகு அணையும் ஜெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெங்காலிப் பெண்மணியின் டீக்கடை. எல்லோரும் அதன் தகரக் கொட்டகைக்குள் ஒதுங்கினோம். பொழுது போகவில்லை என்று எங்கள் டிரைவர்தான் இன்னொருவரைக் கைகொடுக்கச் சொல்லி, பலகையை இறக்கி பெஞ்சில் வைத்தார்.

என் கணவரும் அவரும் ஆட ஆரம்பித்ததும் கூட்டம் கூடிவிட்டது. முதலை எப்படிப் போகும் என்று ஒருவர் இந்தியில் கேட்க, இன்னொருவர் பெஞ்சிலிருந்து எழுந்து, இரண்டு எட்டு முன்னே வைத்துப் பக்கவாட்டில் ஒரு எட்டு தாவிக் காட்டினார். தேங்காய் வெட்டுப்படும்போதெல்லாம் ஒரு சிரிப்பு. ஒரு ஆட்டம் முடிந்ததும் அடுத்த இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். தோற்ற லாரி டிரைவர் இன்னொரு டீ சொல்லிவிட்டு மறுபடி வரிசையில் நின்றார். சமோசாத் தட்டு காலியானது. கடைக்கார அம்மா மீண்டும் மாவு பிசைந்தார்; பிசைந்துகொண்டே பலகையைப் பார்த்தார்.

சாலை சரியாகிவிட்டது என்று சொன்னபோது யாரும் எழுந்திருக்கவில்லை. அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்து, அக்கா முறை வைத்து இந்தியில் சொன்னார்.

"தீதி, இதை இங்கேயே விட்டுட்டுப் போங்க. நான் எடுத்துக்கறேன்."

அவர் சொன்ன விலை, ரங்கத்துக்காரர் சொன்னதைவிடக் கொஞ்சம் குறைவுதான். கணவரைத் தனியாக அழைத்தேன்.

"இவங்ககிட்டயே குடுத்திருவோமா?"

"அங்க கொண்டு வாரோம்னு சொல்லியாச்சுல்லா."

"பாக்கக் கொண்டு வாரோம்னுதான சொன்னிய? அவரு கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டுவாரு. இங்க பாருங்க, லாரிக்காரரு இன்னும் எந்திரிக்கலை."

அவர் லாரி டிரைவரைப் பார்த்தார், சிரித்துவிட்டார். ரங்கத்துக்குப் போன் போட்டு நயமாகச் சொல்லிவிட்டார். விடுதிக்காரர் வருத்தப்படவில்லை, கட்டிடமே இன்னும் எழும்பவில்லை என்றார்.

கல்யாணம் முடிந்து திரும்புகையில் படகுக்காக அதே ஜெட்டியில் காத்திருந்தோம். என் கணவர் ஒரு ஆட்டம் போட ஆசைப்பட்டார். அவருக்கு முன்னால் நான்கைந்து பேர். படகு வந்து, வண்டிகள் ஏறி, சங்கு ஊதிய பிறகும் அவர் வரிசையை விட்டு வரவில்லை. நான் போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தேன்.