வெற்றிலைத் தோட்டம் மாறவில்லை

டேப்ரிக்கார்டரின் ஸ்பீக்கர் மேல் என் வீட்டுக்காரர் உள்ளங்கையைப் பதித்து வைத்திருந்தார். சங்கீதம் கேட்கிறவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள், தொடையில் தாளம் போடுவார்கள். பெட்டியைத் தொட்டுக்கொண்டு கேட்கிற ஆளை அன்றுதான் பார்த்தேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. மதுரையில் ஒரு டியூட்டோரியல் வகுப்பறையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நாங்கள் சிலர் கூடுவோம். ஜன்னல்களைப் போர்வையால் மறைத்து, சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, அவர் கேமராவில் எடுத்த படங்களை ஸ்லைடு புரொஜெக்டரில் காட்டுவார். அதிசயமாக ஒன்றும் இருக்காது. தெருவை அடைத்துக் காயும் சாய நூல், பேரையூர் பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல் நிற்கும் ஓர் ஆடு, சோழவந்தானில் ஒரு வெற்றிலைத் தோட்டம். கூடவே நண்பர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கேசட் ஓடும். பியானோவில் ஒரு சுரம், பிறகு நீண்ட மௌனம், பிறகு இன்னொரு சுரம். முதல்முறை டேப் சிக்கிவிட்டதென்று நினைத்து நானே பெட்டியைத் தட்டியிருக்கிறேன். பழகப் பழக அந்த மௌனம் பிடித்துப்போயிற்று. சுரம் விழுந்ததும் அவர் படத்தை மாற்றுவார், படம் மாறியதும் நான் என் கவிதையில் நாலு வரி வாசிப்பேன். இதுதான் எங்கள் ஏற்பாடு.

அன்று பெட்டியே அதிர்கிற கனத்த சுரங்களுக்கெல்லாம் படம் சரியாக மாறியது. வெற்றிலைத் தோட்டம் வந்தபோது மெல்லியதாக, உச்சஸ்தாயியில் ஒரு சுரம் விழுந்தது. படம் மாறவில்லை. இன்னொன்றும் விழுந்தது. அவர் கை பெட்டி மேலேயே இருந்தது. வாசிக்கவேண்டிய காகிதத்தை இறக்கிவிட்டு அவரையே பார்த்தேன். வாசலில் பால்காரர் மணியடித்தால் இவர் எழுந்து வராதது, எதைச் சொன்னாலும் என் வாயையே பார்ப்பது, எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்து நின்றன. இந்த மனிதர்தான் தினமும் லாரிகளுக்கு நடுவே சைக்கிளில் வேலைக்குப் போய்வருகிறார்.

கூட்டம் முடிந்ததும் பேங்கில் வேலை பார்க்கும் நண்பர் வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, அந்த வெத்தலைத் தோட்டத்த அம்புட்டு நேரம் விட்டீங்க பாருங்க, அங்கதான் கிறங்கிப் போயிட்டேன்." என் வீட்டுக்காரர் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே திருநகருக்குக் கிளம்பினோம். டேப்ரிக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு சைக்கிள் கேரியரில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் லாரி ஹாரன் அடித்தது. ஒதுங்குவார் என்று பார்த்தேன். மறுபடியும் அடித்தது, பக்கத்திலேயே. அவர் பாட்டுக்கு நடுரோட்டில் மிதித்துக்கொண்டிருந்தார். சட்டையைப் பிடித்து இடப்பக்கம் இழுத்தேன். இருவரும் மண்ணில் விழுந்தோம். டிரைவர் தலையை நீட்டிக் கத்திவிட்டுப் போனான்.

"என்ன சொல்லிட்டுப் போறான்?" என்றார், முழங்கையைத் தட்டிக்கொண்டே.

மழுப்பிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் நாளைக்கும் இவர் இதே ரோட்டில்தானே போகவேண்டும். முன்னால் போய் நின்று, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். "காது கேக்கலையான்னு கேட்டான்."

கீழே கிடந்த டேப்ரிக்கார்டரை எடுத்து வெகுநேரம் மண்ணைத் துடைத்தார். "கொஞ்ச நாளாவே இப்படித்தான். பயந்துக்காத. ஒம் பேச்சு நல்லாத்தான் கேக்குது" என்றார்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். நாலு எட்டு பின்னாலிருந்து, வீட்டில் கூப்பிடுகிற குரலில், "என்னங்க" என்றேன்.

அவர் திரும்பவில்லை. அன்றோடு அவரைப் பின்னாலிருந்து கூப்பிடுவதை விட்டுவிட்டேன். எந்தப் பேச்சானாலும் இன்றுவரை முன்னால் போய் நின்றுதான் ஆரம்பிக்கிறேன்.